ஐந்தாவது முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெயிண்டர் தன் டயர் நெம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அது சமையலறை மேடையில், காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. டப்பாவின் மூடி இறுகிப்போனதால் முந்தின நாள் அவர் மனைவி அதைக்கொண்டுதான் நெம்பித் திறந்திருந்தாள்.

"இத டயருக்கு வாங்கினேனா, டப்பாவுக்கு வாங்கினேனா?"

"நீங்க அந்த சைக்கிளுக்கு வாங்கின சாமான்ல வீட்டுக்கு உபயோகப்பட்டது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே நின்றபடி இரண்டு துண்டு ரொட்டி தின்றார். மகளின் அறைக் கதவை விரல் முட்டியால் தட்டினார். பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் போர்வைக்குள்ளிருந்தே "ஹெல்மெட்" என்றாள். "போட்டாச்சு மேடம்" என்றார். ஹெல்மெட் அப்போது அவர் கையில்தான் இருந்தது. படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு கீழ்க்கதவு. ஏழே காலுக்குப் போன் வந்தது.

பெயிண்டர் என்றால் வீட்டுச் சுவருக்கு அடிப்பவரல்ல. ஏழு மாடி, எட்டு மாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வண்ணம் பூசுபவர். இருபது வருடம் அந்தரத்தில் பிழைத்த மனிதர், ஊருக்குப் பின்னாலிருந்த குன்றில், ஆமைக்கல் என்று பேர்விழுந்த, இடுப்புயரம்கூட இல்லாத ஒரு பாறைக்குக் கீழே விழுந்து போனார். கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

குன்றின் பாதை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொது. வனத்துறையின் பொறுப்பில் இருந்தது. அனுமதியில்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. அனுமதி கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். அதனால் எட்டு வருடமாகச் சனிக்கிழமை மதியங்களில் ஐந்து பேர் மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போய்த் தாங்களே பாதையைச் சரிசெய்து வந்தார்கள். பெயிண்டர், வெல்டர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் கண்ணாடி என்றே பெயர் விழுந்துவிட்ட இளைஞன், பஸ் ஓட்டும் அண்ணன் தம்பி இரண்டு பேர். வனக்காவலர் புதிதாக வெட்டிய வடிகாலைத் தாண்டிப் போவார். "இந்த வருஷம் மழை ரொம்ப நேர்த்தியா வேலை செஞ்சிருக்கு" என்பார். அதற்குமேல் கேட்கமாட்டார்.

அறிவிப்புப் பலகை வைக்க முடியாத இந்த ஐவருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பாதையில் யார் எதை மாற்றினாலும், அந்த இடத்துக்கு முப்பது அடி முன்னால், இடதுபுற மரத்தில், பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் துண்டைக் கட்டவேண்டும். கறுப்பு ரப்பர் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும். தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். மாற்றிய இடத்தை நடந்து பார்த்துவிட்டு வந்து, அந்த ரப்பரின் தொங்கும் முனையில் ஒரு முடிச்சுப் போடவேண்டும். ஐந்து முடிச்சு விழுந்த பிறகுதான் ரப்பரை அவிழ்க்கலாம். அவிழ்த்ததைக் கண்ணாடி வாங்கிப் பத்திரப்படுத்துவான். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பெயிண்டர். கயிற்றில் வேலை செய்பவருக்கு முடிச்சின்மேல் இருந்த நம்பிக்கை மனிதர்மேல்கூட இருந்ததில்லை என்று மனைவி கேலி செய்வாள்.

போவதற்கு முந்தின வருடம் அவர் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தபோது மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு கல்லு நகர்ந்திருந்தாகூட இனி இறங்கி நடந்து பார்த்துட்டுத்தான் ஏறுவேன். உனக்குச் சொல்றேன், உங்கம்மாவுக்கு இல்ல."

காவல் நிலைய அறிக்கையில் "அதிவேகமாக வந்து, கட்டுப்பாட்டை இழந்து" என்று எழுதியிருந்ததை மகள்தான் முதலில் படித்தாள். சாட்சி சொல்லியிருந்தது வெல்டர். அவள் பிறந்த நாளிலிருந்து சித்தப்பா என்று கூப்பிடுகிற வெல்டர். ஆஸ்பத்திரியில் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டது அவன்தான். முதல் இரண்டு வாரமும் காலையும் மாலையும் வந்து, குழாய் ஒழுகினால்கூடச் சரிசெய்துவிட்டுப் போனதும் அவன்தான்.

"எத்தனை தடவை சொல்லியிருப்போம் அண்ணி" என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதான். "அண்ணன் கேட்டாத்தானே. ஆமைக்கல்லுகிட்ட வரும்போது மட்டும் மனுசனுக்குச் சின்னப் பையன் புத்தி வந்துடும்."

மூன்றாவது வாரம் மகள் தன் மேசையிலிருந்த அப்பாவின் படத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். "எனக்குச் சொல்றேன்னாரும்மா. ஒரு வருஷம்கூடத் தாங்கல அந்த வார்த்தை" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரவில் படுத்தால் கணவரின் முகத்துக்கு முன்னால் மகளின் இந்த வாக்கியம்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அண்ணன் ஞாபகமா அத எனக்குக் குடுங்க அண்ணி, பட்டறையில மாட்டி வச்சுக்கறேன்" என்று வெல்டர் ஏற்கெனவே கேட்டிருந்தான். கொடுப்பதற்கு முன் துடைத்துவிடலாம் என்று அவள் அதைப் பால்கனியில் தலைகீழாக நிறுத்தினாள்.

அவளுக்கு அச்சகத்தில் வேலை. மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் பொடியெழுத்துத் தாள்களைப் பிழை பார்ப்பவள். நாள் முழுக்க, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததையும் இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதையும் தேடுகிற கண். முன்சக்கரத்தின் ரிம் உள்ளுக்குச் சப்பிப்போயிருந்தது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு மரப்பட்டை. வெளியே ஒட்டியிருக்கவில்லை, நசுங்கி, ரப்பரோடு ரப்பராக உள்ளே ஏறியிருந்தது. ஊக்கால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

ஆமைக்கல்லை அவளுக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு பல தடவை நடந்திருக்கிறாள். மேலிருந்து பார்த்தால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கீழே இருந்தது வெறும் மண்சரிவு. கல்லும் மண்ணும். அங்கே மரம் ஏது?

வெல்டரிடம் போனில் கேட்டாள்.

"பட்டையா?" என்றான். "உருண்டு போய் எங்கியாவது மோதியிருக்கும் அண்ணி. அதெல்லாம் நீங்க ஏன் நோண்டிக்கிட்டு. நான் நாளைக்கு வந்து வண்டிய எடுத்துக்கறேன். நீங்க துடைக்கக்கூட வேணாம்."

துடைக்க வேண்டாம் என்று அவன் சொன்னதுதான் அவளைச் செருப்பு மாட்ட வைத்தது. சைக்கிளைப் பால்கனியில் பூட்டிவிட்டு நேராகக் கண்ணாடியின் கடைக்குப் போனாள்.

மதிய நேரம், கடையில் ஆளில்லை. கண்ணாடி ஒரு ஃபிரேமின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த பட்டையை அவள் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், முகம் செத்துப்போயிற்று. எழுந்து போய்க் கதவில் தொங்கிய பலகையை "மூடியுள்ளது" என்று திருப்பிவிட்டு வந்தான்.

"அண்ணனுக்குத் தெரியும்னுதான் நாங்க நினைச்சோம் அண்ணி" என்றான். "சத்தியமா."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. விபத்துக்கு முந்தின வாரம், ஆமைக்கல்லிலிருந்து சைக்கிளோடு குதித்த யாரோ ஒரு பையன் கீழே நடந்துகொண்டிருந்த பெரியவர்மேல் மோதிவிட இருந்தான். பெரியவர் புகார் எழுதிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அதிகாரி நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் குதிக்கிற வழியை அடைத்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் நான்கு பேரும் போனார்கள். பெயிண்டருக்கு அன்றைக்கு வேலை. மழைக்கு முன்னால் ஒரு சுவரை முடித்தாக வேண்டும். நான்கு பேருமாக விழுந்துகிடந்த ஒரு மரத்தை அறுத்து உருட்டி, சரிவுக்குக் குறுக்கே போட்டார்கள். பாறைக்கு இடப்பக்கம் சுற்றிப் போகிற மாதிரி புதுவழி வெட்டினார்கள். ரப்பர் கட்டினார்கள். நான்கு முடிச்சுப் போட்டார்கள்.

"சாமானெல்லாம் கட்டி எடுத்துட்டு வரேன்னு வெல்டர் மட்டும் பின்னாடி நின்னான். சாயங்காலம் கடைக்கு வந்து ரப்பரக் குடுத்தான். 'அண்ணன் வேலை முடிஞ்சு அந்த வழியா வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு, அஞ்சும் விழுந்துருச்சு'ன்னான். நான் எண்ணிப் பார்த்தேன். அஞ்சு இருந்துச்சு."

"எண்ணினியா."

"எண்ணினேன் அண்ணி. எண்ணத்தான் செஞ்சேன்."

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்தான். உள்ளே மூன்று நான்கு ரப்பர் துண்டுகள் சுருண்டு கிடந்தன. மேலே இருந்ததை அவள் கையில் வாங்கினாள்.

அவள் கணவர் போட்ட முடிச்சு வீட்டில் எங்கும் இருந்தது. கொடிக்கயிறு, திரைச்சீலை, குப்பைப் பை. எதைக் கட்டினாலும் வால் முனையைத் திரும்பவும் உள்ளே சொருகிவிடுவார். இருபது வருடம் அந்த வால்தான் அவரைக் காப்பாற்றியது. இந்த ரப்பரில் அப்படி ஒரு வால் இல்லை. முதல் மூன்று முடிச்சுகள் மூன்று விதமாக இருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே விதம். இரண்டின் பக்கத்திலும் பல் பதிந்த தடம். வெல்டர் எந்த முடிச்சையும் கையால் இறுக்கமாட்டான்; இடுப்பில் தொங்குகிற பிளையரை எடுத்துத்தான் இறுக்குவான்.

"இது யாரு போட்டது?"

கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மாதமாக இழுப்பறைக்குள் வைத்திருந்ததை அவன் அதற்கப்புறம் திறந்து பார்க்கவேயில்லை என்பது அவளுக்கு விளங்கியது. திறக்கப் பயந்திருக்கிறான்.

"மரம் எங்க போச்சு?" என்று கேட்டாள். "போலீஸ் வந்தப்போ அங்க மரம் இல்லையே."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணன் எப்பவும்போல முதல் ஆளா மேல ஏறி இறங்கி வந்தாரு. நாங்க மூணு பேரும் கீழ நின்னுட்டிருந்தோம். விழுந்ததும் டிரைவரும் தம்பியும் ஆம்புலன்சக் கூப்பிட ரோட்டுக்கு ஓடினாங்க. அப்பத்தான் வெல்டர் வந்தான். பத்து நிமிஷம் லேட்டு. வந்து பார்த்துட்டு, எட்டு மணிக்கு அதிகாரி வருவாரு, மரத்த எடுத்துடலாம்டா, இல்லேன்னா எல்லாரும் மாட்டிப்போம்னான். நானும் ஒரு கை போட்டேன் அண்ணி."

"அப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் தலையசைத்தான். இருந்தது என்று.

வெல்டரின் பட்டறைக்கு அங்கிருந்து பஸ்ஸில் மூன்று நிறுத்தம். அவள் நடந்தே போனாள். அவன் ஒரு கேட்டின் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினான். "வாங்க அண்ணி, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று ஸ்டூலைத் துணியால் தட்டிப் போட்டான். அவள் உட்காரவில்லை. ரப்பரை எடுத்துப் பற்றவைத்த கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பொய் சொல்லிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அண்ணன் எப்படியும் காலைல வருவாரு, மேலயே பிடிச்சுச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்" என்றான். "அதிகாரி கண்ணுல ரப்பர் பட்டுடக் கூடாதேன்னு அவரு முடிச்சையும் நானே போட்டுக் கழட்டிட்டேன். காலைல வண்டி பஞ்சர் அண்ணி. பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்."

"முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணேன் அண்ணி." அவன் அவளை நேராகப் பார்த்தான். "நீங்கதான் எடுத்தீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. நாள் முழுக்கத் தொங்கிவிட்டு வந்த களைப்பில் அவர் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பட்டுமா என்று அவள்தான் கேட்டாள். தூங்கட்டும் அண்ணி, ஒண்ணும் அவசரமில்ல என்று சொன்னவன் அவன். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் மகளின் பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேசினான். கணக்கில் இன்னும் கொஞ்சம் தட்டிக்கொடுக்க வேண்டும் என்றான்.

"நான் எழுப்பட்டுமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"இப்போ அத என் தலையில கட்டறே."

"அய்யோ, அப்படியில்ல அண்ணி." அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "செத்தவர் திரும்பியா வரப் போறாரு. வேகமா வந்தாருன்னு சொன்னா அதோட முடிஞ்சுது. மரம்னு சொன்னா பாதையவே மூடிடுவாங்க. எட்டு வருஷம் அண்ணன் கைப்பட வெட்டின பாதை. அவரு இருந்தா மூட விடுவாரா, நீங்களே சொல்லுங்க."

அவர் பேரைச் சொல்லியே அவர் வாயை அடைக்கிறான் என்று அவள் நினைத்தாள். மூச்சு இருந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தை உருட்டியவன், அதே கையால் அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தான். அவள் அதைக் குடித்தாள்.

"எனக்குப் பாதை வேணாம், போலீஸ் வேணாம்" என்றாள். "என் பொண்ணு அவ அப்பா பொய் சொல்லிட்டுச் செத்தாருன்னு நினைச்சுட்டிருக்கா. நீ வீட்டுக்கு வந்து அவகிட்ட மட்டும் சொல்லு. உங்கப்பா ரப்பர் இருந்திருந்தா இறங்கி நடந்திருப்பாரு, கழட்டினது நான்னு. உன் வாயால. அது போதும். நான் வேற யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன்."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். "வரேன் அண்ணி" என்றான். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளைச் சீக்கிரம் எழுப்பித் தலைவாரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்குச் சித்தப்பா வருகிறார் என்றாள். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. பதினோரு மணிக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்து நின்றது. இன்னொரு முறை செய்தபோது அணைக்கப்பட்டிருந்தது. அவன் வரமாட்டான் என்று பட்டறையிலேயே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தெரிந்திருக்கவில்லை. அவன் வருவான் என்று அவள் உண்மையாகவே நம்பி, இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு அவளே சொன்னாள். சொல்லி முடித்து ரப்பரை மேசையில் வைத்தாள். மகள் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிக்கொண்டு போனாள். கடைசி முடிச்சில் நின்றாள்.

"இது அப்பா போட்டதில்ல" என்றாள்.

"இல்ல."

"அப்பாவுக்கு அங்க ரப்பரே தெரியல."

"தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பாரு."

"நான் அவர் போட்டோவ உள்ள வச்சுட்டேன்மா" என்று சொன்னபோதுதான் மகள் அழுதாள். முதல் முறையாக. அம்மா அவளைத் தேற்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்தபின் மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்: "சித்தப்பாதான் வரலையே, நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னது இன்னும் செல்லுமா?"

"செல்லாது" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகள் பள்ளிக்குப் போனபின் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். தொழில் பழக்கத்தில் மூன்று தடவை படித்துப் பார்த்தாள். எங்கும் திட்டவில்லை. யார் எப்போது எங்கே நின்றார்கள், ரப்பர் எப்போது கட்டப்பட்டது, எப்போது அவிழ்க்கப்பட்டது, மரம் எங்கிருந்து எங்கே போனது. அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலப் போனையும் எழுதினாள், எழுப்பட்டுமா என்று தான் கேட்டதையும். ஒரு பிரதி காவல் நிலையத்துக்கு, ஒன்று வன அலுவலகத்துக்கு.

காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். கோப்பைத் திறக்க மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். வன அதிகாரி படித்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும்னு சொல்லவும் முடியல, தெரியாதுன்னு சொல்லவும் முடியல" என்றார். அந்த வாரமே பாதையின் வாயிலில் சங்கிலி போட்டார்கள். கண்ணாடி போய்த் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தான். பஸ் ஓட்டும் அண்ணன் அவளைக் கடைத்தெருவில் பார்த்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார். அண்ணன் கட்டின பாதைக்கு அண்ணியே பூட்டுப் போட்டுட்டாங்க என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். வெல்டர் வரவில்லை, போன் செய்யவில்லை. சைக்கிளையும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புது வகுப்புக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பழைய விவரங்களையே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்; மாறியிருந்தால் திருத்தி அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் என்ற கட்டத்தில் முதல் எண்ணை மகள் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே அம்மாவின் எண்ணை எழுதினாள். இரண்டாவது எண் வெல்டருடையது. உறவு: சித்தப்பா. பேனாவை அதன்மேல் கொண்டுபோய் அவள் அம்மாவைப் பார்த்தாள். வேறு யாருடைய எண்ணை எழுதுவது என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அது அப்படியே இருந்தது.